வாரம் ஒரு கணக்கு: பத்து ரூபாய் ஆட்டத்தில் ஆயிரம் ரூபாய் போனது எப்படி?

"அக்கா, ஒரு ஆயிரம் ரூபா ஜிபே பண்றியா? ஒண்ணாம் தேதி தந்துடறேன்."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி மகன் போன். கல்லூரியில் ரெண்டாம் வருஷம் படிக்கிறான், ஹாஸ்டல் வாசம். ஊருக்கு வர பஸ் டிக்கெட்டுக்கும் வழிச்செலவுக்கும் சித்தி அவனுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும், ஏன்னா அனுப்பத் தெரியாமல் என்னிடம் கேட்டு அனுப்பினதே சித்தி.

"அம்மா அனுப்பினது என்னடா ஆச்சு?"

மூணு தடவை "செலவாயிடுச்சுக்கா." கேள்வி கேட்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை என்பதால் நாலாவது தடவையும் கேட்டேன். அப்போதுதான் உண்மை வந்தது.

"சீட்டாட்டம்க்கா. ஆனா பத்து ரூபா ஆட்டம்தான். லிமிட் வேற இருக்கு. ஒரே ஒரு டீல்ல ஆயிரத்துப் பத்து ரூபா போயிடுச்சு. எப்படிப் போச்சுன்னே புரியலை."

திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். ஆனால், அவன் கடைசியாகச் சொன்ன வாக்கியம் மண்டையிலேயே நின்றது. பத்து ரூபாய் ஆட்டம், லிமிட் உண்டு, ஒரே டீல், ஆயிரத்துப் பத்து. இந்தப் பகுதியில் நாம் இதுவரை கரன்ட் பில் ஸ்லாப் பார்த்திருக்கிறோம், வண்டி லோன் இ.எம்.ஐ பார்த்திருக்கிறோம். இதுவும் அந்த வகைதான். கேட்கும்போது சின்னதாகத் தெரியும், கடைசி வரியில் பெரிதாக நிற்கும். பேர் போடக் கூடாது என்ற கண்டிஷனில் தம்பி சம்மதம் கொடுத்திருக்கிறான். அதனால் இந்த வாரம் அவன் கணக்கு.

அவன் ஆடியது போக்கர். அதில் 'பாட் லிமிட் ஒமாஹா' என்று ஒரு வகை. சீட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் நாலு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு திறப்பார்கள். முதலில் மூணு சேர்த்து, பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. உங்கள் கையிலிருந்து கட்டாயம் ரெண்டு, நடுவிலிருந்து கட்டாயம் மூணு எடுத்து யாருடைய அஞ்சு பெரிதோ அவருக்குப் பணம். நடுவில் சேரும் பணக்குவியலுக்குப் பேர்தான் 'பாட்'.

பணம் கட்ட நாலு சுற்று. பொதுச் சீட்டு திறப்பதற்கு முன் ஒன்று, மூணு திறந்ததும் ஒன்று, நாலாவதுக்கு ஒன்று, அஞ்சாவதுக்கு ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன்பே ரெண்டு பேர் சீட்டைப் பார்க்காமல் கட்டாயம் கொஞ்சம் பணம் வைக்க வேண்டும். இவர்கள் ஹாஸ்டலில் அது அஞ்சு ரூபாய், பத்து ரூபாய். 'பத்து ரூபா ஆட்டம்' என்று தம்பி சொன்னது இதைத்தான். விஷயமே தெரியாமல் கேட்டால் நஷ்டமும் பத்து, இருபதுக்குள்தான் இருக்கும் என்று தோன்றும். சித்தியிடம் சொல்லியிருந்தால் அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

இனி அந்த 'லிமிட்'. போக்கரில் மூணு விதமான வரம்புகள் பிரபலம். ஒன்று, நிலையான வரம்பு: முதல் ரெண்டு சுற்றில் பத்துப் பத்தாகத்தான் ஏற்றலாம், அடுத்த ரெண்டு சுற்றில் இருபது இருபதாக. இன்னொன்று, வரம்பே இல்லாதது: முன்னால் வைத்திருக்கும் மொத்தப் பணத்தையும் எப்போது வேண்டுமானாலும் தள்ளலாம். சினிமாவில் ஹீரோ ஸ்டைலாகத் தள்ளுவாரே, அது. மூணாவதுதான் பாட் லிமிட்: ஒரு தடவைக்கு, நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அதிகபட்சம் ஏற்றலாம்.

கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? வேலி போட்ட மாதிரி. ஆனால், இந்த வேலி நிற்கும் இடத்திலேயே நிற்காது. ஆட்டத்தோடு சேர்ந்து அதுவும் நகரும்.

35 எப்படி வந்தது?

தம்பியிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன். "நடுவுல அஞ்சும் பத்தும் கிடக்கு. முதல் ஆள் 'பாட்'னு சொல்றான். அவன் எவ்வளவு வைக்கலாம்?"

"பதினஞ்சு."

தப்பு. புதிதாக ஆடும் நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். விதிப்படி, நீங்கள் ஏற்றுவதற்கு முன் எதிராளி வைத்ததற்கு ஈடாக முதலில் வைத்துவிட்டதாகக் கணக்கு. அதையும் பாட்டில் சேர்த்த பிறகுதான் 'நடுவில் எவ்வளவு' என்று எண்ண வேண்டும்.

நடுவில் 5 + 10 = 15. முதல் ஆள் அந்த பத்துக்கு ஈடாகப் பத்து வைக்கிறான், இப்போது 25. அந்த 25 அளவுக்கு மேலே ஏற்றலாம். அப்படியானால் அவன் வைக்கும் மொத்தம் 10 + 25 = 35.

பதினஞ்சு எங்கே, முப்பத்தஞ்சு எங்கே? ரெண்டு மடங்குக்கும் மேல். ஆடத் தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே தம்பி மனசிலிருந்த வரம்பும் உண்மையான வரம்பும் வேறு வேறு.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கடைசியாக வைத்த பந்தயத்தை மூணால் பெருக்குங்கள். அதற்கு முன் நடுவில் கிடந்த மற்ற பணத்தைக் கூட்டுங்கள். முடிந்தது. 10 × 3 = 30, கூட அந்த 5. மொத்தம் 35.

ஏன் மூணு? எதிராளியின் பந்தயம் பாட்டில் ஒரு தடவை கிடக்கிறது. அதற்கு ஈடாக நீங்கள் வைப்பது இன்னொரு தடவை. இந்த ரெண்டும் சேர்ந்த பாட் அளவுக்கு ஏற்றலாம் என்பதால் ஏற்றத்துக்குள் அந்தப் பந்தயம் ரெண்டு தடவை வந்துவிடுகிறது. அதோடு ஈடு வைத்த ஒன்றையும் சேர்த்தால் மூணு. காபி டம்ளரை நகர்த்தி வைத்து நானே ஒரு தடவை செய்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நீங்களும் மூணு நாலு புளியங்கொட்டையை வைத்துச் செய்து பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

சரி, அந்த 35-க்கு மேல் அடுத்த ஆளும் 'பாட்' என்றால்? 35 × 3 = 105, கூட முன்னால் கிடந்த 15. ஆக 120. முதல் ஆள் விடாமல் திருப்பி 'பாட்' என்றால்? அவன் ஏற்கெனவே வைத்த 35-ம் சேர்ந்து அவன் கணக்கு 375 ஆகும். மறுபடி எதிராளி சொன்னால் 1,140.

10, 35, 120, 375, 1140. நாலே நாலு தடவை 'பாட்' என்ற ஒரு வார்த்தை. பொதுச் சீட்டு ஒன்றுகூட இன்னும் திறக்கவில்லை.

கசினோக்களில் இந்தக் கணக்கை ஆடுபவர் போட வேண்டிய அவசியமில்லை. பாட் லிமிட் மேஜையில் மட்டும் 'நடுவில் எவ்வளவு?' என்று கேட்டால் சீட்டு போடுபவர் எண்ணிச் சொல்ல வேண்டும். யாராவது அளவு மீறி வைத்தாலும் அவரே குறைத்துத் திருப்பிக் கொடுப்பார். சில இடங்களில் சில்லறைத் தொல்லை வேண்டாம் என்று அஞ்சைப் பத்தாகவே எண்ணி, தொடக்க வரம்பை நாற்பது ஆக்கிவிடுவார்கள். செல்போன் ஆப்களிலோ 'பாட்' என்று ஒரு பட்டனே இருந்தது. தொட்டால் போதும், தொகையை அதுவே நிரப்பிவிடும். கணக்குப் போடும் அந்த அஞ்சு விநாடித் தயக்கம்கூட இல்லாமல் போனது எனக்கு நல்லதாகத் தெரியவில்லை. இவர்களும் அப்படி ஓர் ஆப்பில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒரே டீல்

இப்போது தம்பியின் டீலுக்கு வருவோம். நாலு பேர். பத்து ரூபாய் கட்டாயமாக வைத்தது இவன். முதல் ஆள் 'பாட்' என்று 35 வைத்தான். மற்ற ரெண்டு பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிட்டார்கள். இவன் கையில் ரெண்டு ராஜா இருந்ததால் இன்னும் 25 போட்டு 35 ஆக்கினான். விலகியவனின் அஞ்சும் சேர்ந்து நடுவில் 75.

முதல் மூணு சீட்டு திறந்தது. ஹார்ட்டின் ராஜா, இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் நாலு. தம்பிக்கு மூணு ராஜா! உள்ளுக்குள் பட்டாசு வெடித்ததாம். ஆனால் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பேசாமல் இருந்தான். எதிராளி பாட் அளவுக்கு 75 வைத்தான். இவனும் 75. நடுவில் இப்போது 225.

நாலாவது சீட்டு டைமண்ட் ரெண்டு. எதிராளி மறுபடி பாட், 225. இவனும் 225. நடுவில் 675.

அஞ்சாவது சீட்டு இஸ்பேட் ஏழு. எதிராளி கொஞ்சமும் யோசிக்காமல் பாட், 675.

தம்பியிடம் மிச்சம் எவ்வளவு? கொண்டுபோனது 1,010. போனது 35 + 75 + 225 = 335. மீதி சரியாக 675. அதையும் வைத்தான். எதிராளி திறந்தான். கையில் ரெண்டு இஸ்பேட், நடுவில் மூணு இஸ்பேட். ஒரே இனத்தில் அஞ்சு சீட்டு வந்தால் மூணு ராஜாவை அது அடித்துவிடும்.

நடுவில் கிடந்தது 2,025 ரூபாய். அதில் பாதி, ரெண்டரை ரூபாய் குறைவாக, என் சித்தி அனுப்பிய பஸ் காசும் இவன் பாக்கெட்டில் இருந்த பத்து ரூபாயும்.

முதலில் எனக்கு இது தற்செயல் என்றுதான் தோன்றியது. எப்படிச் சரியாகக் கடைசிப் பைசா வரை வந்து நிற்கிறது? பிறகு பேப்பரில் எழுதிப் பார்த்தபோது புரிந்தது. பாட் அளவுக்கு ஒருவர் வைத்து இன்னொருவர் ஈடு கொடுத்தால் குவியல் மூணு மடங்காகும். மூணு சுற்று போனால் 3 × 3 × 3 = 27 மடங்கு. 75-ஐ 27-ஆல் பெருக்குங்கள், 2,025. போக்கர் மேஜையில் உட்காருபவர்கள் வழக்கமாகக் கட்டாயப் பந்தயத்தைப் போல நூறு மடங்கு பணத்தோடு உட்காருவார்கள். பத்து ரூபாய் ஆட்டத்துக்கு அது ஆயிரம் ரூபாய். முதல் ஏற்றமும், அடுத்த மூணு சுற்றில் மூணு பாட்டும் சேர்ந்தால் ஒருவர் கட்ட வேண்டியது 1,010. ஆக நூறு மடங்கைக் காலி செய்ய நாலு 'பாட்' போதும். யாரும் விதியை மீறவில்லை. எல்லாமே லிமிட்டுக்குள்தான் நடந்தது.

சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைக்கும் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். கட்டத்துக்குக் கட்டம் ரெண்டு மடங்கு. அங்கே பத்துத் தடவை இரட்டித்தால் 1,024. மூணு மடங்காகப் பத்துத் தடவை போனால் 59,049. மூணு என்பது ரெண்டை விட ஒன்றுதான் அதிகம் என்று நினைத்தால் இப்படித்தான்.

இதே டீலை நிலையான வரம்பு ஆட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சீட்டு, அதே ஆட்கள், சுற்றுக்கு ஒரே ஒரு பந்தயம். 20 + 10 + 20 + 20. போயிருப்பது 70 ரூபாய். டீக்கும் பஜ்ஜிக்கும் ஆகிற காசு. அல்லது பாட் லிமிட்டிலேயே, பொதுச் சீட்டு திறந்த பிறகு எதிராளி முழு பாட்டுக்குப் பதில் பாதி பாட் மட்டும் வைத்திருந்தால்? 75 ரூபாய்க் குவியல் ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு மடங்காகி 600-ல் நின்றிருக்கும். தம்பியின் பங்கு 297 ரூபாய் 50 பைசா. பஸ் டிக்கெட்டுக்கு மிச்சம் இருந்திருக்கும்.

வரம்பே இல்லாத ஆட்டத்தில் ஒருவன் எடுத்த எடுப்பிலேயே ஆயிரத்தைத் தள்ளினால் தம்பி பயந்து விலகியிருப்பான் என்று அவனே சொல்கிறான். முப்பத்தஞ்சுக்கு யார் பயப்படுவார்கள்? முப்பத்தஞ்சு வைத்தவனுக்கு எழுபத்தஞ்சு பெரிதில்லை. எழுபத்தஞ்சு வைத்தவனுக்கு இருநூத்தி இருபத்தஞ்சு கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான்.

"அந்தக் கடைசி அறுநூத்தி எழுபத்தஞ்சை ஏன்டா வச்ச? மூணாவது இஸ்பேட் வந்ததைப் பார்த்தல்ல?"

"பார்த்தேன்க்கா. ஆனா அதுக்குள்ள முந்நூத்தி முப்பத்தஞ்சு போட்டுட்டேனே. விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது?"

அந்த 335 அவனுடையதே இல்லை. பாட்டுக்குள் விழுந்த நிமிஷமே அது ஜெயிக்கப்போகிறவனின் பணம். அங்கே போட வேண்டிய கணக்கு வேறு. 675 வைத்தால், நடுவில் ஏற்கெனவே இருக்கும் 675-ம் எதிராளி வைத்த 675-ம் கிடைக்கும். ஒன்றுக்கு ரெண்டு. அப்படியானால் இதே மாதிரி மூணு தடவை நடந்தால் ஒரு தடவையாவது நாம் ஜெயிக்க வேண்டும். அப்போதுதான் முதலுக்கு மோசமில்லை. பாட் அளவுக்கு யார் பந்தயம் வைத்தாலும், அது பத்து ரூபாயோ பத்தாயிரமோ, எதிரில் இருப்பவருக்கு விழும் கேள்வி இதுதான்: மூணில் ஒரு தடவை ஜெயிப்பேனா?

மூணு சுற்றாக விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தவன், மூணாவது இஸ்பேட் விழுந்ததும் இன்னும் ஏற்றுகிறான். அவனிடம் ரெண்டு இஸ்பேட் இல்லாமலிருக்க மூணில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டா? எனக்குத் தோன்றவில்லை. தம்பிக்கும் இப்போது தோன்றவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அது தோன்றியிருக்காது என்பதையும் நான் நம்புகிறேன்.

இந்த விதியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் அவன் கைக்கும் ஒரு ஆயுதம் இருந்தது. நாலாவது சீட்டு திறந்தபோது எதிராளிக்குத் தேவை இன்னொரு இஸ்பேட். கட்டில் 13 இஸ்பேட். அவன் கண்ணுக்குத் தெரிந்தது கையில் ரெண்டு, நடுவில் ரெண்டு. மீதி 9. அவன் பார்க்காத சீட்டு 44. ஏறக்குறைய அஞ்சில் ஒரு வாய்ப்பு. (ஒன்றிரண்டு இஸ்பேட் தம்பிக்கும் உதவியிருக்கும், அந்த நுணுக்கத்தை விடுங்கள்.) அந்த இடத்தில் தம்பி முந்திக்கொண்டு பாட் அளவுக்கு வைத்திருந்தால், அஞ்சில் ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு மூணில் ஒரு வாய்ப்புக்கான விலையை எதிராளி கொடுக்க வேண்டியிருக்கும். விவரம் தெரிந்தவனாக இருந்தால் பெரும்பாலும் விலகியிருப்பான். தம்பியோ மூணு ராஜாவை மறைத்து வைத்து அழகு பார்த்தான்.

இதைச் சொன்னதும் மறுமுனையில் அவன் குரல் மாறியது. "அப்போ அடுத்த தடவை நான் முதல்லயே..." என்று ஆரம்பித்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணக்குச் சொல்லிக் கொடுத்ததே தப்போ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எதிரில் இருப்பவனும் இதே கணக்கை நாளைக்குப் படித்துவிட்டு வருவான் என்பதை மட்டும் சொன்னேன்.

பெற்றோர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள் என்பதால் இன்னொன்று. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதற்குத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அந்தத் தடையிலிருந்து அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்றெல்லாம் பார்க்கவில்லை, பணம் வைத்து ஆடும் எந்த ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை. பெரிய ஆப்கள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின. ஆப் போனால் ஆட்டமும் போகும் என்று நானும் நினைத்தேன். தம்பி ரூமில் அது ஒரு சீட்டுக்கட்டாகப் பாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பிள்ளை "பத்து ரூபா ஆட்டம்தான்" என்று சொன்னால், "எந்த லிமிட்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வருவதே அவர்களைப் பாதி உலுக்கிவிடும்.

பணம் அனுப்புவதற்கு முன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் மூணு கணக்கு அனுப்பினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: நடுவில் 75, எதிராளி 75 வைக்கிறான். நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு வைக்கலாம்? ரெண்டு: நடுவில் 40, ஒருவன் 20 வைக்கிறான், அடுத்தவன் அதற்கு ஈடாக 20 வைக்கிறான். மூணாவது ஆள் நீங்கள். எவ்வளவு? மூணு: 20 ரூபாய் ஆட்டம், நடுவில் 150, மூணு சுற்றிலும் ஒருவர் பாட் வைத்து இன்னொருவர் ஈடு கொடுத்தால் கடைசியில் நடுவில் எவ்வளவு?

விடை 300, 120, 4,050. முதலாவதை உடனே சரியாகச் சொன்னான். ரெண்டாவதில் நடுவில் ஈடு வைத்தவனின் 20-ஐச் சேர்க்க மறந்து 100 என்றான். முன்னால் கிடந்த 40, அந்த 20, கூட 20 × 3 = 60 என்று கூட்டிக் காட்டினேன். மூணாவதுக்கு ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் விடை வந்தது, சரியாக. அதற்குக் கீழே, "இருபது ரூபா ஆட்டம்தானேக்கா இது?" என்று ஒரு வரி.

பணம் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட்டை நானே போட்டு, பி.டி.எஃப்-ஐ அனுப்பிவிட்டேன். சன்னல் சீட். சித்தியிடம் அவனே சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். இதைப் படித்துவிட்டு அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் நான் பொறுப்பில்லை.

அடுத்த வாரம்: நகைச்சீட்டில் பதினோரு மாசம் கட்டினால் பன்னிரண்டாவது மாசம் இலவசம் என்கிறார்களே, அந்த இலவசத்தின் வட்டி எவ்வளவு?